ஆர்செப்: ஒதுங்கி நின்றும் நனைந்த கதை

2019-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி பாங்காக்கில் நடைபெற்ற மாநாட்டில், ஆர்செப் உடன்படிக்கையில் இந்தியா சேராது என்று பிரதமர் மோடி அறிவித்தார். காந்தியடிகள் விட்டுச்சென்ற அளவுகோலும் தமது மனசாட்சியும் அதற்கு இடம் தரவில்லை என்பது அவர் கூறிய காரணம். அன்றிரவே கோவையிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வீட்டு உபயோக மோட்டார் பம்பு தயாரிக்கும் சிறு பட்டறை நடத்துபவர். "சார், தப்பிச்சோம்ங்க" என்றார். நான் பணி ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. இந்தியா சேர்ந்திருக்க வேண்டும் என்பதே அன்று என் கருத்து. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லி வந்தேன். அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமின்றி, குடும்ப நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி இப்போது மீண்டும் எழுந்திருக்கிறது. ஆர்செப் போன்ற அமைப்புகளில் இந்தியா இடம்பெற வேண்டும் என்று 2024 நவம்பரில் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த சுப்பிரமணியம் வெளிப்படையாகவே கூறினார். அது சீனாவுடன் தடையற்ற வர்த்தகம் செய்துகொள்வதற்கு ஒப்பாகும் என்பது வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலின் நிலைப்பாடு. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக உயர்த்தி, திருப்பூரின் ஏற்றுமதி ஆணைகள் தடுமாறியபோது, ஒரே பெரிய சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. கிழக்கே இருக்கும் கதவைத் தட்டலாமா என்ற பேச்சு அதன்பின் வலுப்பெற்றது. அதற்கு விடை தேடுமுன் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பிராந்திய விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஆர்செப். இதைச் சீனாவின் திட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், சீனா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா ஆகியவற்றுடன் தனித்தனியாகவும், ஆஸ்திரேலியா-நியூசிலாந்துடன் சேர்த்தும் ஏற்கெனவே ஐந்து உடன்படிக்கைகளைச் செய்திருந்தது. அவற்றை ஒன்றாகக் கட்டுவதற்கான பேச்சுவார்த்தை 2012 நவம்பரில் கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் தொடங்கியது. 16 நாடுகள் தொடங்கி, 15 நாடுகள் 2020 நவம்பர் 15 அன்று காணொலி வழியே கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் பத்து நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. தென் கொரியாவும் மலேசியாவும் அதே ஆண்டிலும், இந்தோனேசியாவும் பிலிப்பின்ஸும் 2023-இலும் இணைந்தன. உலக மக்கள்தொகையிலும் உலக உற்பத்தியிலும் ஏறத்தாழ 30 சதவீதம் இந்நாடுகளுக்கு உரியது. 90 சதவீதத்துக்கும் அதிகமான பொருள்களின் மீதான சுங்கத் தீர்வையை இருபது ஆண்டுகளில் படிப்படியாக நீக்குவது இதன் இலக்கு.

இத்தகைய வட்டார ஒப்பந்தங்கள் உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை நெறிக்கே விலக்கானவை. ஒரு நாட்டுக்குத் தரும் சலுகையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தர வேண்டும் என்பதே பொது விதி; காட் உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவுதான் வட்டார ஒப்பந்தங்களுக்கு விதிவிலக்கு அளிக்கிறது. அந்தச் சன்னல் வழியாக இன்று நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் நுழைந்துவிட்டன. ஒரே பொருளுக்கு ஒரு நாட்டிலிருந்து வந்தால் ஒரு வரி, இன்னொன்றிலிருந்து வந்தால் வேறு வரி. இந்தக் குழப்பத்துக்கு ஜகதீஷ் பகவதி இத்தாலிய உணவான ஸ்பகெட்டியின் பெயரை வைத்தார். தமிழில் அதை விளக்க நான் சிரமப்பட்டதே இல்லை. இடியாப்பச் சிக்கல் என்றால் கடைசி இருக்கை மாணவனுக்கும் புரிந்துவிடும்.

ஆர்செப் அந்தச் சிக்கலில் ஒரு பகுதியை அவிழ்க்கிறது என்பதே அதன் உண்மையான பயன். ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். துணி சீனாவில் நெய்யப்படுகிறது, வியட்நாமில் தைக்கப்படுகிறது, ஜப்பானில் விற்கப்படுகிறது. ஜப்பானும் ஆசியானும் முன்பு செய்திருந்த உடன்படிக்கையின்படி, சீனத் துணியில் தைத்ததால் அது வியட்நாம் சட்டையாகக் கருதப்படாது. வரிச் சலுகை கிடையாது. ஆர்செப்பில் எல்லா உறுப்பு நாடுகளின் மூலப்பொருளையும் கூட்டிக் கணக்கிடலாம். எனவே அதே சட்டை இப்போது சலுகைக்கு உரியதாகிறது. 2011-இல் ஜப்பானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் திருப்பூருக்கு அங்கே கிடைத்திருந்த சிறு முந்துரிமை இதனால் தேய்கிறது. நம் மீது யாரும் புதிதாக வரி போடவில்லை. பிறருக்குக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. வெளியே நிற்பவருக்கு இழப்பு இப்படித்தான், சத்தமில்லாமல் வரும்.

இதை 1950-லேயே ஜேக்கப் வைனர் என்ற அறிஞர் தெளிவாக எழுதி வைத்தார். அதுவரை, ஏதோ ஒரு வரி குறைந்தால் அந்த அளவுக்கு நன்மைதான் என்று பொருளியலாளர்கள் பொதுவாக நம்பினர். வைனர் இரண்டு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். உள்நாட்டில் அதிகச் செலவில் செய்துவந்த பொருளைக் கூட்டாளி நாட்டிடம் மலிவாக வாங்கத் தொடங்கினால் அது வணிக ஆக்கம், நாட்டுக்கு நன்மை. ஆனால் உலகிலேயே மலிவாக விற்கும் ஒரு நாட்டை விட்டுவிட்டு, வரி இல்லை என்ற ஒரே காரணத்தால் சற்று விலை கூடிய கூட்டாளியிடம் வாங்கினால் அது வணிகத் திசைமாற்றம். வாங்குபவருக்கு மலிவாகத் தோன்றும். அரசுக்கு வரி வருவாய் போய்விடும். நாடு மொத்தத்தில் இழக்கும்.

வைனரின் பாடத்துக்கு ஆர்செப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பு 2021 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தீர்வைச் சலுகைகளால் உறுப்பு நாடுகளுக்கு இடையேயான ஏற்றுமதி ஏறத்தாழ 4,200 கோடி டாலர் கூடும். அதில் ஆக்கம் 1,700 கோடி டாலர்தான். மீதமுள்ள 2,500 கோடி டாலர், வெளியே இருக்கும் நாடுகளிடமிருந்து உள்ளே திருப்பப்படுவது. ஏறத்தாழ பாதி ஆதாயம் ஜப்பானுக்கு. உள்ளே இருந்தும் கம்போடியா, இந்தோனேசியா, பிலிப்பின்ஸ், வியட்நாம் ஆகியவற்றின் ஏற்றுமதி சற்றுக் குறையலாம் என்றும் அம்மதிப்பீடு கூறியது. ஆசியான் என்ற பெயரில் அவை முன்பே பெற்றிருந்த சலுகை இப்போது சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் இடையே பகிரப்படுகிறது அல்லவா? சேர்ந்தவர் எல்லோரும் வென்றார், விலகியவர் எல்லோரும் தோற்றார் என்ற எளிய கணக்கு இங்கே செல்லாது.

இனி இந்தியாவின் தரப்புக்கு வருவோம். 2019-இல் பேச்சுவார்த்தை மேசையில் எதிரே இருந்த 15 நாடுகளில் 12 நாடுகளுடன் நமக்கு ஏற்கெனவே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருந்தது. ஆசியானின் பத்து நாடுகளுடனும் கொரியாவுடனும் 2010 முதலும், ஜப்பானுடன் 2011 முதலும் அவை நடைமுறையில் உள்ளன. மீதி மூன்று: சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. அவற்றுள் ஆஸ்திரேலியாவுடன் 2022-இல் தனியே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆக, ஆர்செப் என்ற நீண்ட பெயருக்குள் நமக்குப் புதிதாக இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு நாடு. வர்த்தக அமைச்சர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

பால் விவகாரத்தைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேசலாம். அந்நாளில் ஆர்செப்புக்கு எதிராகத் தெருவில் பாலைக் கொட்டிப் போராடியவர்களின் அச்சம் நியாயமானது. நியூசிலாந்து தான் உற்பத்தி செய்யும் பாலில் 90 சதவீதத்துக்கும் மேல் ஏற்றுமதி செய்யும் நாடு. உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நம் நாட்டிலோ அது இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களின் அன்றாடச் செலவுப் பணம். பால் பவுடர் மீதான 60 சதவீத இறக்குமதி வரிதான் அவர்களுக்கு வேலி. ஆயினும் ஆர்செப்பின் இறுதி வடிவத்தைப் பாருங்கள். அரிசி, கோதுமை, மாட்டிறைச்சி-பன்றியிறைச்சி, பால் பொருள்கள், சர்க்கரை ஆகிய ஐந்து வகைகளைத் தீர்வை நீக்கத்திலிருந்து ஜப்பான் காப்பாற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியாவுடனான ஒப்பந்தத்தில் நாமும் பாலை வெளியே வைத்தோம். பாலைக் காப்பாற்ற ஆர்செப்பை விட்டே விலகியிருக்க வேண்டியதில்லை. உண்மையான முடிச்சு வேறிடத்தில் இருந்தது.

அடிப்படை ஆண்டு என்பது அந்த முடிச்சுகளுள் ஒன்று. வரியை எந்த ஆண்டின் அளவிலிருந்து குறைப்பது? 2014 என்று மற்றவர்கள். 2019 என்று இந்தியா. வெறும் ஐந்தாண்டு வேறுபாடாகத் தோன்றும் இதற்குள் ஒரு தொழிலின் தலையெழுத்தே இருந்தது. கைப்பேசி மீதான அடிப்படைச் சுங்கத் தீர்வை 2014-இல் பூஜ்யம். 2017 ஜூலையில் 10 சதவீதமாகவும், ஆண்டு முடிவில் 15 சதவீதமாகவும், 2018 பிப்ரவரியில் 20 சதவீதமாகவும் அது உயர்த்தப்பட்டது. 2014-ஐ அடிப்படை ஆண்டாக ஏற்றிருந்தால் அந்தச் சுவர் முழுவதையும் நாமே இடித்திருக்க வேண்டும். 2024-25-இல் இந்தியாவின் திறன்பேசி ஏற்றுமதி 2,400 கோடி டாலரைத் தாண்டியது. மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே அதிகாலையில் ஓடும் நிறுவனப் பேருந்துகளில் இளம்பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், 2019-இல் நான் வகுப்பில் சொன்னது முழுச் சரியல்ல என்று எனக்கே தோன்றும். சுங்க வரி ஒரு தொழிலை வளர்க்காது என்று சொல்லிவந்தவன் நான். இந்த ஒரு தொழிலில், உற்பத்தி ஊக்கத்தொகையும் சேர்ந்துகொண்டதால், வளர்த்திருக்கிறது.

ஆனால் கதையின் மறுபக்கம் அந்தக் கைப்பேசிக்கு உள்ளேயே இருக்கிறது. திறந்து பார்த்தால் திரை, மின்கலம், சுற்றுப்பலகை எனப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தது. 2018-19-இல் சீனாவுடன் நமது வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 5,360 கோடி டாலர். ஆர்செப்பில் சேர்ந்தால் அது பெருகிவிடும் என்பதே அன்றைய அச்சம். சேரவில்லை. 2024-25-இல் அது 9,920 கோடி டாலர். கல்வான் மோதல், செயலிகளுக்குத் தடை, முதலீட்டுக்கு முன் அனுமதி என்று எல்லாம் நடந்த பிறகும் இந்த நிலை. மழைக்கு ஒதுங்கி நின்றோம், நனையாமல் இருக்கவில்லை.

பற்றாக்குறை என்பது தன்னளவில் நோயன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மளிகைக் கடைக்காரருடன் எனக்கு நாற்பது ஆண்டுகளாகப் பற்றாக்குறைதான். அவர் என்னிடம் எதுவும் வாங்கியதில்லை. கவலைப்பட வேண்டியது, ஊரில் ஒரே கடை என்ற நிலையைப் பற்றி. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தபோது, நம் வாகன நிறுவனங்கள் கையைப் பிசைந்து நின்றன. அந்தக் காந்தத்துக்கு எவ்வளவு வரி விதித்தோம் என்பது அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை.

வேறொரு முடிச்சு, பிறப்பிட விதி. ஒரு பொருள் எந்த நாட்டினுடையது என்று முடிவு செய்யும் இலக்கணம் இது. ஆர்செப்பில் பொதுவாக 40 சதவீத மதிப்பு உறுப்பு நாடுகளுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது மூலப்பொருளின் சுங்கத் தலைப்பு மாறும் அளவுக்கு உருமாற்றம் நடந்திருக்க வேண்டும். ஜப்பானைப் போல நாமும் சீனாவுக்கு ஒரு வரியும் வியட்நாமுக்கு வேறொரு வரியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சீனப் பொருள் வியட்நாம் வழியாக வந்தால்? அதற்கென்று சில குறிப்பிட்ட பொருள்களுக்கு, ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே 20 சதவீத மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை உண்டு. அது எல்லாப் பொருள்களுக்கும் வேண்டும் என்பதோடு, இறக்குமதி ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே வரி உயரும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்று இந்தியா கேட்டது. கிடைக்கவில்லை.

இந்த அச்சம் ஏட்டளவிலானதன்று. இலங்கையுடன் 1998-இல் செய்த உடன்படிக்கை 2000-இல் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள், அங்கிருந்து வனஸ்பதி வெள்ளம்போல் வரத் தொடங்கியது. இலங்கை அதற்குமுன் வனஸ்பதிக்குப் பெயர்போன நாடன்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த பாமாயில், குறைந்த வரியில் அங்கே இறங்கி, பதப்படுத்தப்பட்டு, வரியின்றி இங்கே வந்தது. ஆலைகளை அமைத்தவர்களில் இந்திய வணிகர்களும் இருந்தார்கள் என்பது இதில் சுவையான செய்தி. பின்னர் அளவுக் கட்டுப்பாடு வந்தது, ஆலைகள் மூடப்பட்டன, இரு நாட்டு உறவிலும் கசப்பு மிஞ்சியது. மிளகிலும் இதே புகார். வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழுடன் வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் முறையிட, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயிக்கப்பட்டது. பிறப்பிடச் சான்றிதழை அப்படியே நம்பாமல், இறக்குமதியாளரே விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்ற சுங்க விதிகள் 2020 செப்டம்பரில்தான் வந்தன.

ஆசியானுடனான ஒப்பந்தத்தின் அனுபவமும் இனிமையானதாக இல்லை. 2010-11-இல் ஏறத்தாழ 500 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை, 2022-23-இல் 4,360 கோடி டாலரானது. ரப்பர், தேங்காய் விவசாயிகளுக்காகக் கேரளத்தில் 2009-இலேயே மனிதச் சங்கிலி அமைத்தார்கள். ஆனால் முழுப் பழியையும் ஒப்பந்தத்தின்மீது போடுவதற்கில்லை. தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களின் சலுகையை நம் ஏற்றுமதியாளர்கள் பயன்படுத்தும் அளவு 5 முதல் 25 சதவீதம்தான் என்று நிதி ஆயோக்கின் 2017-ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. படிவம் நிரப்பும் சிரமத்துக்கு வரியைக் கட்டிவிடுவதே மேல் என்று சிறு ஏற்றுமதியாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சென்ற ஆண்டு கோவைக்குச் சென்றபோது அந்த மாணவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். இயந்திரங்கள் கூடியிருந்தன, ஆட்கள் குறைந்திருந்தனர். பம்புக்குள் வைக்கும் பேரிங்கும் கெப்பாசிட்டரும் சீனாவிலிருந்து வந்த பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. "தப்பித்தோம் என்றாயே?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "முழு பம்பு வந்தா நான் காலி சார். இந்தச் சாமான் வரலைன்னாலும் நான் காலி" என்றார். முனைவர் பட்டத்துக்காக நான் எழுதிய முந்நூறு பக்கங்களில் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் இருந்ததாக நினைவில்லை.

அவர் சொன்னதற்குப் பொருளியலில் தலைகீழ் வரி அமைப்பு என்று பெயர். மூலப்பொருளுக்கு அதிக வரியும், அதில் செய்த முடிவுற்ற பொருளுக்குக் குறைந்த வரியும் இருந்தால், இங்கே உற்பத்தி செய்பவரே தண்டிக்கப்படுகிறார். சீனத் துணியைத் திருப்பூர்க்காரர் இறக்குமதி செய்தால் 20 சதவீதம் வரை வரி. அதே துணி வங்கதேசத்தில் ஆடையாகத் தைக்கப்பட்டு வந்தால், மிகவும் பின்தங்கிய நாடு என்ற சலுகையில் 2011 முதல் பெரும்பாலும் வரியில்லை. இதைச் சரிசெய்ய எந்த நாட்டுடனும் பேச வேண்டியதில்லை. தில்லியில் உட்கார்ந்தே செய்யலாம்.

எனவே இன்று என் நிலைப்பாடு இதுதான். 2014-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல், 2019-இல் கையெழுத்திடாதது சரி. அன்று நான் நினைத்தது தவறு. ஆனால் அந்த விலகல் நமக்கு ஈட்டித் தந்தது அவகாசம் மட்டுமே. உதிரிபாகத் தொழிலை வளர்க்கவும், மூலப்பொருள் வரியைச் சீர்செய்யவும், துறைமுகச் செலவைக் குறைக்கவும் அந்த அவகாசம் பயன்பட்டிருக்க வேண்டும். சில துறைகளில் பயன்பட்டது, பெரும்பாலானவற்றில் இல்லை. இந்த நிலையில் ஆர்செப்புக்குள் நுழைவதை நான் இன்றும் ஆதரிக்க மாட்டேன். அதே வேளையில், வெளியே இருப்பதையே ஒரு கொள்கையாகக் கொண்டாடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தொடக்கத்திலிருந்து பேச்சில் பங்கேற்ற நாடு என்பதால் இந்தியா எப்போது வேண்டுமானாலும் சேர விண்ணப்பிக்கலாம் என்று உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டுள்ளது. வேறு எந்த நாட்டுக்கும் அந்தச் சலுகை இல்லை. மற்றவர்கள் 18 மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படிக் காத்திருந்து விண்ணப்பித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2023-இல் அது மனு அளித்தது. கொழும்பு உள்ளே சென்றுவிட்டால், சீனப் பொருளும் வியட்நாம் பொருளும் இன்றைவிடக் குறைந்த வரியில் அங்கே வந்து இறங்கும். அங்கிருந்து இந்தியாவுக்கு ஏற்கெனவே ஒரு வரியில்லாப் பாதை திறந்திருக்கிறது. அதைக் காக்கும் காவலாக இருப்பது 35 சதவீத உள்ளூர் மதிப்பு வேண்டும் என்ற பழைய பிறப்பிட விதி. வனஸ்பதியும் மிளகும் வந்தபோது அந்தக் காவல் எப்படி இருந்தது என்று பார்த்தோம். ஆர்செப்பில் சேர்வதா வேண்டாமா என்ற விவாதம் இங்கே இன்னும் பல ஆண்டுகள் நடக்கட்டும். 1998 உடன்படிக்கையின் அந்த விதியைத் திருத்தும் பேச்சை, இலங்கையின் மனு ஏற்கப்படுவதற்கு முன்பே கொழும்புடன் தில்லி தொடங்கியாக வேண்டும்.